புண்ணை எண்ணியவர்களும் ஆளை எண்ணியவரும்

என் பெயரை முதலாவதாகத் தாங்கிய ஓர் அறிக்கை, வெளியீட்டு விழாவுக்கு ஒன்பது நாள்களே இருந்த நிலையில் திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றவன் நான். புதுக்கோட்டையில் சிலர், குறிப்பாக மாலை நடையின்போது மட்டும் ஆராய்ச்சி செய்யும் சில நண்பர்கள், இதை வேறு விதமாகச் சொல்லிவருகிறார்கள். வயதாகிவிட்டதால் எனக்குக் கணக்குத் தவறிவிட்டது என்பது ஒரு தரப்பு. கிராமத்துப் பெண்மணி ஒருவர் நிறைந்த கூட்டத்தில் என்னை மடக்கிவிட்டார் என்பது இன்னொரு தரப்பு. முதலாவது பொய். இரண்டாவது உண்மை, ஆனால் அவர் எப்படி மடக்கினார் என்பது சொல்பவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவன் எழுதுவதே முறை.

இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் பொருட்டு, எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் புள்ளியியல் முதுகலை முடித்தவன் நான். பணிக்காலம் முழுவதும் மருத்துவ ஆய்வுகளோடு கழிந்தது; கடைசிப் பதினான்கு ஆண்டுகள் புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆராய்ச்சி மையத்தில், சான்றுத் தொகுப்புப் பிரிவின் தலைவராக. ஒரு சிகிச்சையைப் பற்றி உலகில் எங்கெங்கோ நடந்த ஆய்வுகளைத் தேடி எடுத்து, தரம் பார்த்துப் பொறுக்கி, அவற்றின் முடிவுகளை ஒன்றுசேர்த்து, அச்சிகிச்சை பயன் தருகிறதா இல்லையா என்று ஒரே விடை சொல்வது எங்கள் தொழில். சிஸ்டமேடிக் ரிவ்யூ என்பது அதன் பெயர். நாங்கள் ஊசி போடுவதில்லை, நாடி பிடிப்பதில்லை. பிறர் பார்த்து எழுதியதைப் படித்து எழுதுகிறோம்.

இதை என் மாமனாருக்குக் கடைசிவரை என்னால் விளக்க முடியவில்லை.

“ஊசி போடுவீங்களா மாப்ள?”

“இல்லைங்க.”

“மருந்தாச்சும் எழுதிக் குடுப்பீங்களா?”

“இல்லைங்க.”

“அப்ப ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட ஒங்களுக்கு என்னதான் சோலி?”

எனக்குச் சோலி இருந்தது. பல மருத்துவர்கள் என் அட்டவணைகளைப் பார்த்த பிறகே தம் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். என் பெயர் தாங்கிய எந்த அறிக்கைக்கும் திருத்தம் வெளியானதில்லை. இந்த அறிக்கை வரும்வரை.

1. செருப்பை வெளியே விடவும்

சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் வரும் ஆறாத புண்ணுக்கு எந்தக் கட்டு நல்லது என்பது எங்கள் ஆய்வுக் கேள்வி. இரண்டு வகைக் கட்டுகளை ஒப்பிட்டோம். ஒன்று, சாதாரண காஸ் துணிக் கட்டு. ஊரிலுள்ள துணைச் சுகாதார நிலையத்திலேயே செவிலியர் போட்டுவிடுவார். மற்றொன்று நுரைக்கட்டு, புண்ணின் ஈரத்தை உறிஞ்சும் மெல்லிய பட்டையால் ஆனது, நகரத்து மையத்தில் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே போடக்கூடியது. நுரைக்கட்டே மேல் என்றது எங்கள் அறிக்கை. எங்களிடம் அறிக்கையைக் கேட்டிருந்த, சுகாதாரத் திட்டங்களை முடிவு செய்யும் குழு அதை ஏற்றுக்கொண்டால், ஊர்களில் கட்டுப் போடுவதை நிறுத்திவிட்டு எல்லோரையும் நகரத்துக்கு வரவழைப்பது என்பது திட்டம். வரைவை அனுப்பிவிட்டோம். அச்சகத்துக்கும் கொடுத்தாயிற்று.

அந்த நேரத்தில் நிதி வழங்கியவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆய்வில் நோயாளர் பங்கேற்பு எவ்வாறு அமைந்தது என்று ஒரே ஒரு கேள்வி. எங்கள் இயக்குநர் ஒரு மருத்துவர். ஆங்கிலத்தில் சிந்தித்துத் தமிழில் கோபப்படுபவர். என்னை அழைத்தார்.

“சார், பேஷண்ட் என்கேஜ்மென்ட் பண்ணிட்டோமா?”

“இல்லை.”

“பண்ணிருவோம். வர்ற வியாழக்கிழமை.”

ஆக, முப்பது மாதம் நடந்த ஓர் ஆய்வில் நோயாளர் பங்கேற்பு, ஒரு வியாழக்கிழமை முற்பகல் பதினொன்று முதல் ஒரு மணி வரை நடைபெற்றது. முடிவை எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டு, அம்முடிவைப் பற்றி நோயாளிகளிடம் கருத்துக் கேட்பதற்கு எங்கள் மையத்தில் பங்கேற்பு என்று பெயர். இதற்கென ஓர் ஒருங்கிணைப்பாளரும் நியமிக்கப்பட்டார். பிரவீணா என்று பெயர், சமூகப்பணி படித்தவர், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

கால் புண்ணோடு ஏழு பேர் அன்னவாசலிலிருந்தும் திருமயத்திலிருந்தும் இலுப்பூரிலிருந்தும் பேருந்து ஏறி வந்தார்கள். கூட்ட அரங்கு இரண்டாவது மாடியில். மின்தூக்கி கிடையாது. கால் புண் ஆறவேண்டுமானால் அந்தக் காலுக்குப் பாரம் கொடுக்கக் கூடாது என்று எங்கள் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. படியேறி வந்தவர்களை அரங்கின் வாசலில் ஓர் அறிவிப்பு வரவேற்றது: ‘காலணிகளை வெளியே விடவும்.’ இயக்குநர் புதிதாக வாங்கிப்போட்ட கம்பளத்துக்காக வைத்த பலகை அது.

முதலில் வந்தவர் ஹாஜா மைதீன். இலுப்பூரில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருப்பவர். இடது காலில் இரண்டு விரல்களை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். பலகையைப் படித்துவிட்டு அவர் உள்ளே வரவில்லை.

“ஏம்மா, செருப்பில்லாம ஒரு அடி எடுத்து வைக்காதீங்கங்கிறாக ஆஸ்பத்திரில. செருப்போட உள்ள வராதீங்கங்கிறீங்க நீங்க. காலக் கழட்டித் தலைல வச்சுக்கிட்டு வரவா?”

நான் குறுக்கிட்டு அவர்களைச் செருப்போடு வரச் சொன்னேன் என்று இங்கே எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். பலகையைத் திருப்பி வைத்தவர் பிரவீணா. நான் என் செருப்பை முறைப்படி வெளியே விட்டுவிட்டு, உள்ளே ஸ்லைடுகளின் வரிசையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொருவர் கையிலும் இரண்டு பக்க எளிய மொழிச் சுருக்கம் கொடுக்கப்பட்டது. அதை எழுதியவன் நான். ‘சமவாய்ப்பு ஒதுக்கீட்டுக் கட்டுப்பாட்டு ஆய்வுகளின் ஒருங்கிணைந்த விளைவு மதிப்பீடு’ என்று தொடங்கும். அதில் ஒற்றுப்பிழைகூடக் கிடையாது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி அதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுப் பிரவீணாவிடம் கேட்டார்:

“இதுல தமிழ்ல இருக்கிறது இல்லையாம்மா?”

அவர்தான் பஞ்சவர்ணம்.

2. கோட்டைத் தொடாத வைரம்

பஞ்சவர்ணத்துக்கு ஐம்பது வயதிருக்கும். அன்னவாசலை அடுத்த ஓர் ஊர். நூறு நாள் வேலையில் அவர் மேட், அதாவது பணித்தளப் பொறுப்பாளர். வேலைக்கு வந்தவர்களை எண்ணி, வருகைப் பட்டியலில் ஏற்றி, கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புவது அவர் பொறுப்பு. வலது பாதத்தில் புண். அறிமுகத்தின்போது அவரே சொன்னார்: வாரத்தில் மூன்று நாள் ஊர்ச் செவிலியர் கட்டுப் போடுகிறார், கட்டு முடிந்ததும் பக்கத்தில் இருக்கும் வேலைத்தளத்துக்குப் போய் நிழலில் உட்கார்ந்து பட்டியலைப் பார்க்கிறார். ஊரில் கட்டு நின்றுபோனால் இரண்டு பேருந்து மாறி நகரத்துக்கு வரவேண்டும். மேட் வேலை வேறொருவருக்குப் போகும். நடந்து நடந்து காலும் போகும்.

“எனக்கு அம்புட்டுத்தான் சார் கேள்வி. கட்டு எங்க ஊர்ல இருக்குமா இருக்காதா?”

“விளக்கத்தைக் கேளுங்கம்மா. அப்புறம் பேசலாம்,” என்றேன்.

ஃபாரஸ்ட் பிளாட் எனப்படும் எங்கள் படத்தைத் திரையில் காட்டினேன். ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு குறுக்குக் கோடு. நடுவே மேலிருந்து கீழாக ஒரு நெட்டுக்கோடு. எல்லா ஆய்வுகளையும் சேர்த்த முடிவு அடியில் வைர வடிவில் நிற்கும். வைரம் நெட்டுக்கோட்டைத் தொடாமல் ஒரு பக்கமாக நின்றால் அந்தப் பக்கத்துச் சிகிச்சை மேல். தொட்டுவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டென்று உறுதியாகச் சொல்ல முடியாது. எங்கள் வைரம் தொடாமல் நின்றது, நுரைக்கட்டின் பக்கமாக.

ஹாஜா மைதீன் கையைத் தூக்கினார்.

“பாண்டி ஆடுற மாதிரில்ல இருக்கு சார். கோட்ட மிதிச்சா அவுட்டு.”

“ஏறக்குறைய அப்படித்தான்.”

“மிதிக்கலதான். ஆனா மயிரிழைலல்ல நிக்குது. லேசாத் தும்முனா மிதிச்சிருமே.”

எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநரும், பெருந்தன்மையோடு. சிரிக்காதவர் பஞ்சவர்ணம். அவர் திரையில் வலப்பக்கமாக இருந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த நம்பரெல்லாம் என்ன சார்?”

“ஒவ்வொரு ஆய்விலயும் எத்தனை பேர் இருந்தாங்கங்கிற எண்ணிக்கை.”

“அது ஆளா, புண்ணா?”

எனக்குக் கேள்வி விளங்கவில்லை. விளங்காததுபோல் இருந்தேன் என்பது இன்னும் சரி.

“எனக்கு ஒரே கால்ல ரெண்டு புண்ணு சார். பெருவெரலுக்கு அடில ஒண்ணு, குதிகால்ல ஒண்ணு. டவுன்ல காட்டுனப்ப ரெண்டுக்கும் தனித்தனியாச் சீட்டுப் போட்டாங்க. எங்க வேலைல பாத்தீங்கன்னா, ஒரே ஆளு இங்கிட்டு ஒரு தடவ அங்கிட்டு ஒரு தடவ நின்னு போட்டோவுல தலையக் காட்டும். முகத்தப் பாத்துத்தான் நான் எண்ணுவேன். நீங்க எதப் பாத்து எண்ணுனீங்க?”

“வெளிநாட்டுல பெரிய பெரிய நிபுணர்கள் செஞ்ச ஆய்வும்மா. சரியாத்தான் எண்ணியிருப்பாங்க.”

“அவுக எண்ணிருப்பாக. நீங்க எண்ணுனீங்களான்னு கேட்டேன்.”

“விடு தங்கச்சி,” என்றார் ஹாஜா மைதீன். “பெரிய எடத்துல எண்ண மாட்டாக. கூட்டுவாக.”

“இல்ல பாய், சார்கிட்ட வெவரம் கேக்குறேன். ரெண்டு புண்ணும் ஒரே ஒடம்புதானே சார்? சர்க்கரை எறங்குனா ரெண்டும் சேந்து ஆறும். ஏறுனா ரெண்டும் சேந்து சீப் பிடிக்கும். அத ரெண்டா எண்ணுனா, ஒருத்தியே ரெண்டு கையத் தூக்கி ரெண்டு ஓட்டுன்னு சொல்ற மாதிரில்ல?”

இளைய நண்பர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ஒரே உடலில் உள்ள இரண்டு புண்கள் இரண்டு தனிச் சான்றுகள் ஆகா. அவை சேர்ந்து ஆறும், சேர்ந்து கெடும். அவற்றை இரண்டு மனிதர்களாக எண்ணினால் நமக்கு இல்லாத உறுதி இருப்பதுபோல் தோன்றும். யூனிட் ஆஃப் அனாலிசிஸ் எர்ரர் என்று இதற்குப் பெயர். பயிற்சி வகுப்புகளில் இதை விளக்க எனக்கு நான்கு ஸ்லைடுகள் தேவைப்பட்டன. ஆம், விளக்கியிருக்கிறேன்; ஒருமுறை அல்ல. அவ்வளவையும் அந்த அம்மையார் உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டே மூச்சில் சொல்லி முடித்தார்.

நான் என்ன சொன்னேன் என்பதைப் பதிவுக்காக எழுதுகிறேன்:

“அதெல்லாம் புள்ளியியல்ம்மா. சொன்னா ஒங்களுக்குப் புரியாது.”

அவர் சுருக்கத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலும் பொன்னாடையும் வழங்கப்பட்டன. குழுப்படம் எடுக்கப்பட்டது. கூட்டக் குறிப்பில் இயக்குநர் சொல்லச் சொல்லப் பிரவீணா எழுதிய வரி இது: ‘நோயாளர்கள் எண்ணிக்கை குறித்து ஆர்வத்துடன் விளக்கம் கேட்டனர், உரிய விளக்கம் அளிக்கப்பட்டது.’

3. முழுமையான ஒப்புமை

மறுநாள் காலை அலுவலகம் வந்ததும் ஆய்வுக் கட்டுரைகளின் கோப்பைத் திறந்தேன். உண்மையைத் தேடித் திறந்தேன் என்று எழுதினால் அது அலங்காரம். அவர் சொன்னது தவறு என்று நிறுவத் திறந்தேன். நிறுவிவிட்டுப் பிரவீணாவிடம் சொல்லிப் பணிவான ஒரு கடிதம் அனுப்பச் செய்வதாகத் திட்டம்.

எங்கள் நடைமுறை கடுமையானது. ஒவ்வோர் ஆய்விலிருந்தும் எண்களை எடுக்கும் வேலையை இருவர் தனித்தனியே, ஒருவரையொருவர் பாராமல் செய்வார்கள். பின்னர் இரண்டையும் ஒப்பிடுவோம். வேறுபாடு இருந்தால் மூன்றாமவர் தீர்ப்பார். இந்த ஆய்வில் எடுத்தவர்கள் நானும் என் பிரிவின் இளநிலை ஆய்வாளர் ஒருவரும். எங்களுக்குள் ஒரு வேறுபாடுகூட இல்லை. அறிக்கையில் அதைத் தனிப் பத்தியாகப் பெருமையோடு எழுதியிருந்தேன்.

எல்லாவற்றிலும் பெரிய ஆய்வின் அட்டவணையைப் பார்த்தேன். தலைப்பில் எண்ணிக்கை என்று மட்டும் இருந்தது. அதன்மேல் ஒரு சிறு நட்சத்திரக் குறி. அட்டவணைக்குக் கீழே, எறும்பு படிக்கும் எழுத்தில், குறிக்கான விளக்கம்: எண்ணப்பட்டவை புண்கள்.

அடுத்த ஆய்விலும் அப்படியே. இன்னொன்றில் விளக்கமே இல்லை. அந்த ஆய்வாளர்களுக்குக் கடிதம் எழுதினேன். அன்று மாலையே பதில் வந்தது. ஆமாம், புண்களைத்தான் எண்ணினோம், இதுவரை யாரும் கேட்கவில்லை என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

நானும் கவனிக்கவில்லை, என் இளநிலை ஆய்வாளரும் கவனிக்கவில்லை. இருவரும் ஒரே தவறை, ஒரே இடத்தில், ஒரே மாதிரி செய்திருந்தோம். எங்கள் ஒப்புமை முழுமையாக இருந்ததன் இரகசியம் அதுதான்.

ஒருவரின் புண்களை அவரோடு சேர்த்துக் கட்டி, ஆள்வாரியாக மறுபடி கணக்கிட்டேன். ஆள் எண்ணிக்கை குறைந்தது. எண்ணிக்கை குறைந்தால் ஐயம் கூடும். எங்கள் படத்தில் வைரத்தின் அகலம் என்பது அந்த ஐயத்தின் அளவுதான். வைரம் இரு பக்கமும் விரிந்தது. விரிந்து நெட்டுக்கோட்டைத் தொட்டது. லேசாகத் தொடவில்லை, தாண்டி உட்கார்ந்தது.

நுரைக்கட்டு மேலானது என்று சொல்ல எங்களிடம் போதிய சான்று இல்லை. ஊரில் கட்டுவதை நிறுத்தச் சொல்ல எந்த முகாந்தரமும் இல்லை.

4. பக்கத்தில் ஒரு கையெழுத்து

மூன்று நாள் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இதைப் பெருமைக்காக இங்கே எழுதவில்லை, நடந்தது அது. என் பணி நீட்டிப்பு முடிய எட்டு மாதம் இருந்தது. திருத்தமே வெளிவராத பெயர் என்று பிரிவுபசாரத்தில் யாராவது பேசுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். என்ன பேசுவார்கள் என்பதுகூட எனக்குத் தெரியும். இப்போது திருத்தத்தோடு போக வேண்டும். அதுவும் எட்டாம் வகுப்போடு நின்ற ஒருவர் சொல்லி. அந்த மூன்று நாளில் என் மனம் உருவாக்கிய சாக்குகளைத் தொகுத்தால் அதுவே ஒரு சிஸ்டமேடிக் ரிவ்யூ ஆகும். அக்குழு வேறு ஆதாரங்களையும் பார்க்கும் என்பது ஒன்று. நுரைக்கட்டால் கெடுதல் இல்லையே என்பது இரண்டு. மூன்றாவது, யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அது சாக்கல்ல, ஆசை.

நான்காம் நாள் முற்பகலில் என் மேசைத் தொலைபேசி ஒலித்தது.

“சார், பஞ்சவர்ணம் பேசுறேன். அன்னிக்குக் கூட்டத்துக்கு வந்தேன்ல.”

“சொல்லுங்கம்மா.”

“எங்க நர்சம்மா, வர்ற மாசத்துலேருந்து கட்டு இங்க கெடையாது, டவுனுக்குப் போயிருங்கன்னு சொல்லுது. ஏன்னு கேட்டா ஒங்க அறிக்கைல அப்பிடித்தான் இருக்காம்.”

மேசையில் விரித்து வைத்திருந்த அட்டவணையைத் திருப்பிப் போட்டேன்.

“அன்னிக்கு நான் கேட்டேன்ல சார். எண்ணிப் பாத்தீங்களா?”

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டிருக்கலாம். அலுவலகத்தில் அச்சொல் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அவர் கேட்ட தொனியில் குற்றச்சாட்டே இல்லை. சந்தேகம்கூட இல்லை. பெரியவர் ஒருவர் எண்ணியிருப்பார், விடையைக் கேட்டுக்கொள்வோம் என்று அழைத்திருந்தார்.

“எண்ணினேன்ம்மா.”

“எப்பிடி இருக்கு?”

“புண்ணைத்தான் எண்ணியிருக்கோம். ஆளை எண்ணல.”

மறுமுனையில் யாரோ மண்வெட்டியால் கல்லைத் தட்டும் ஓசை கேட்டது. வேலைத்தளத்திலிருந்து பேசுகிறார் போலும்.

“அப்ப மாத்திருங்க சார்,” என்றார்.

“அது அவ்வளவு சுலபமில்லம்மா. அச்சுக்குப் போயிருச்சு.”

“எங்க பட்டியல்லயும் எப்பவாச்சும் தப்பா ஏறிரும் சார். அத ஒரு கோடு போட்டு அடிச்சிட்டு, சரியானத எழுதி, பக்கத்துல ஒரு கையெழுத்துப் போட்டுருவேன். கையெழுத்து இல்லாம அடிச்சாத்தான் கேள்வி கேப்பாக. போட்டுட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாக.”

அவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகவே விளங்கியது.

5. பதினோராவது இணைப்பு

அன்று பிற்பகல் இயக்குநர் அறையில் நடந்தது இது. பிரவீணா குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தார்; இரண்டு வரிக்குப் பின் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

“சார், அதெல்லாம் பெரிய ஜர்னல்ல பப்ளிஷ் ஆன ட்ரையல். நாம என்ன அவங்களவிடப் பெரிய ஆளா?”

“அவங்க மறைக்கல. அட்டவணைக்குக் கீழ எழுதியிருக்காங்க. நாமதான் படிக்கல.”

“ஃப்ளெக்ஸ் அடிச்சாச்சு சார். மெட்ராஸ்லேருந்து சீஃப் கெஸ்ட் வர்றார். இப்பப் போய், ஒரு அம்மா கேட்டாங்க, அதனால ரிசல்ட் மாறிருச்சுன்னா சிரிக்க மாட்டாங்களா?”

“அம்மா கேட்டதால மாறல. நாம தப்பா எண்ணினதால மாறியிருக்கு.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். கோபம் போய்க் கனிவு வந்தது. அவருடைய கனிவு கோபத்தைவிட அபாயமானது என்பதை மையத்தில் எல்லோரும் அறிவார்கள்.

“ஒண்ணு பண்ணலாம் சார். மெயின் ரிசல்ட் அப்படியே இருக்கட்டும். இதை சென்சிடிவிட்டி அனாலிசிஸ், சும்மா கூடுதலாப் போட்டுப் பார்த்த கணக்குன்னு சொல்லி, பதினோராவது அனெக்ஸர்ல போட்டுருவோம். மறைச்ச மாதிரியும் ஆகாது. யாரும் படிக்கவும் மாட்டாங்க.”

“யாரும் படிக்காத இடத்துல இருந்ததாலதான் சார் நமக்கு இந்தத் தப்பே வந்தது.”

“உங்க நல்லதுக்குச் சொல்றேன். உங்க பேர்தான் முதல்ல இருக்கு. திருத்தம்னு வெளிய போனா உங்க பேருதான் கெடும்.”

என் மூன்று நாள் சிந்தனையை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். பிறர் வாயிலிருந்து கேட்டபோது அது எவ்வளவு மலிவாக ஒலிக்கிறது என்பது தெரிந்தது.

“அறிக்கையைத் திரும்ப வாங்குங்க, இல்லைன்னா என் பேரை எடுத்துருங்க. ரெண்டும் சேர்ந்து வெளிய போகாது,” என்றேன்.

என் பெயர் இல்லாமல் அந்த அறிக்கையை அக்குழு பெற்றுக்கொள்ளாது என்பது அவருக்கும் தெரியும். இதைத் தற்பெருமையாகக் கொள்ள வேண்டாம். ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. அன்றே அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. காரணத்தை நானே எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினேன்.

விழா நடந்தது. சொல்லிவிட்ட மண்டபத்தையும் அழைத்துவிட்ட விருந்தினரையும் என்ன செய்வது? ‘நுரைக்கட்டு: கால் காக்கும் புதிய வழி’ என்று அச்சான ஃப்ளெக்ஸில் முதற்சொல்லின்மேல் வெள்ளைத்தாளை ஒட்டினார்கள். கால் காக்கும் புதிய வழி எது என்று தெரியாமலே மூன்று பேர் அதைப் பாராட்டிப் பேசினார்கள். கைதட்டலில் எந்தக் குறையும் இல்லை.

திருத்திய அறிக்கை ஐந்து வாரம் கழித்துப் போயிற்று. இருவகைக் கட்டுக்கும் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை என்று எழுதினேன். ஊர்களில் கட்டுவதை நிறுத்தும் திட்டம் கைவிடப்பட்டது. அதைக் கைவிட்டவர்கள், ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின் தாங்களே எடுத்த முடிவு என்று அறிவித்தார்கள். எனக்கு ஆட்சேபமில்லை.

இப்போது எங்கள் பிரிவில் எண்கள் எடுக்கும் படிவத்தின் முதல் கட்டத்தில் ‘எண்ணப்பட்டது எது?’ என்றொரு கேள்வி இருக்கிறது. அதை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாதபடி அமைத்திருக்கிறேன். நான் ஓய்வுபெற்ற பிறகும் அதை யாரும் எடுக்கவில்லை என்று கேள்வி. நோயாளிகளை ஆய்வின் முதல் மாதத்திலேயே, கீழ்த்தளத்தில், செருப்போடு அழைக்கவேண்டும் என்றும் எழுதிவைத்துவிட்டு வந்தேன். அது பின்பற்றப்படுகிறதா என்று நான் விசாரிக்கவில்லை.

6. படிவம்

திருத்திய அறிக்கையில் பஞ்சவர்ணத்தின் பெயரை ஆசிரியர்களில் ஒருவராகச் சேர்க்கவேண்டும் என்றேன். நன்றியுரையில் போட்டால் போதாதா என்று இயக்குநர் கேட்டார். நன்றியுரையில் மண்டபக்காரருக்கும் இடம் உண்டு என்றேன். அவர் வாதிடவில்லை; அதற்குள் என்னிடம் வாதிடுவதில் அவருக்கு அலுப்பு வந்துவிட்டது.

ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒரு படிவம் நிரப்பவேண்டும். நானும் பிரவீணாவும் அதை எடுத்துக்கொண்டு அன்னவாசல் பேருந்தில் போய், அங்கிருந்து ஆட்டோவில் அவர் ஊருக்குப் போனோம். துணைச் சுகாதார நிலையத்தில் அவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். செவிலியர் பழைய துணியை நீரில் நனைத்து நனைத்துப் பிரித்தார். பெருவிரல் அடிப்புண் ஆறித் தோல் மூடியிருந்தது. குதிகாலில் இன்னும் சிவந்து திறந்திருந்தது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். பின்னர் திருப்பாமல் பார்த்தேன்.

“வாங்க சார். இம்புட்டுத் தூரம் வந்தீங்களா? ஒரு போன் போட்டிருந்தா நானே வந்திருப்பேன்ல.”

“நீங்க வரக்கூடாதுன்னுதான் நாங்க வந்தோம்.”

பிரவீணா படிவத்தை ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினார். பெயர், ஊர், ஆய்வில் ஆற்றிய பங்கு. கடைசியில் ஆசிரியரின் சொந்த நலன் பற்றிய கேள்வி: இந்த ஆய்வின் முடிவால் உங்களுக்கு நேரடியான ஆதாயமோ இழப்போ உண்டா? உண்டு, இல்லை என்று இரண்டு கட்டங்கள். என் பணிக்காலத்தில் நூற்றுக்கணக்கான படிவங்கள் என் மேசையைக் கடந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் ‘இல்லை’தான். என்னுடையதிலும்.

“உண்டுன்னு போடும்மா,” என்றார் பஞ்சவர்ணம். “என் காலு இருக்குல்ல.”

“அது சும்மா ஃபார்மாலிட்டிம்மா. எல்லாரும் இல்லைன்னுதான் டிக் பண்ணுவாங்க,” என்றார் பிரவீணா.

பஞ்சவர்ணம் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கேலி செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“ஒண்ணுமே போகாதவுகளா சார் இதெல்லாம் எழுதுறாக?”

செவிலியர் புதுத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டார். நான் ஏற்கெனவே நிரப்பிக் கொடுத்திருந்த படிவம் பிரவீணாவின் பையில் இருந்தது. அதைத் திரும்ப வாங்கி, ‘உண்டு’ என்ற கட்டத்தைக் குறித்தேன். விவரம் எழுதவும் என்று கேட்டிருந்த இடத்தில் ‘என் பெயர்’ என்று எழுதினேன்.